பாரலாச்சாவில் டோசர் புறப்படும் முன்

மணாலியிலிருந்து லே போகும் சாலையை ஆண்டுக்கு நான்கைந்து மாதம் பனி மூடிவிடுகிறது. கோடை தொடங்கியதும் அதே சாலையில் கார்களும் ராணுவ லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் வரிசைகட்டி ஏறுகின்றன. சாலையோரம் ஓங்கி நிற்கும் பனிச்சுவர்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவரை அப்படிச் செங்குத்தாக வெட்டி நிறுத்தியவர்கள் யார், எதை வைத்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் எப்படிச் சேதமில்லாமல் கீழே இறங்கினார்கள் என்று பார்க்கத்தான் நான் போனேன். லே எனக்கு இரண்டாம்பட்சம்.

முன்பு 3,978 மீட்டர் உயரமுள்ள ரோஹ்தாங் கணவாயில் ஏறி இறங்கித்தான் லாஹௌல் பள்ளத்தாக்குக்குள் போக முடியும். 2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, 9.02 கிலோமீட்டர் மலைக்குள்ளாகவே கடந்துவிடலாம். தெற்கு வாயிலில் தேவதாரு மரங்களும் ஈரமும். வடக்கு வாயிலில் மொட்டைப் பாறையும் காய்ந்த காற்றும். தாண்டியில் சந்திராவும் பாகாவும் கலந்து செனாப் ஆகின்றன. அங்கிருந்து பாகாவின் கரையைப் பிடித்துக்கொண்டு கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா என்று சாலை ஏறுகிறது. ஜிஸ்பாவில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அவசரப்பட்டவர்களின் தலைவலியையும் வாந்தியையும் அந்த ஊர் விடுதிகளில் தினமும் பார்க்கலாம்.

தார்ச்சாவுக்கு மேலே பத்சேவ், அதற்கும் மேலே ஜிங்ஜிங்பார். அதைத் தாண்டினால் பாரலாச்சா கணவாய், ஏறக்குறைய 16,000 அடி. கடல்மட்டத்தில் நமக்குக் கிடைக்கும் காற்றில் பாதிக்குச் சற்று மேல்தான் அங்கே உண்டு. இந்தப் பகுதியில் சாலையைத் திறந்து வைத்திருப்பது எல்லைச் சாலைகள் அமைப்பு. 1960 மே 7-இல் தொடங்கியது. அதன் பணியாளர் படையான கிரெஃப்பில் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் இருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்த முகாமில் டோசர் ஆப்பரேட்டர் நம் ஆரணிப் பக்கத்துக்காரர். அவருக்கு ஹெல்பர், ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்த இளைஞர். ஹெல்பர் அவரை 'உஸ்தாத்' என்பார். இவர் பதிலுக்கு 'பேட்டா' என்பார். என்னிடம் மட்டும் தமிழ்.

"காலையில அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுங்க சார். வண்டி ஓடறத எப்ப வேணா பாக்கலாம். எடுக்கறதுக்கு முன்னாடி பண்றத பாருங்க" என்றார்.

அவர் சொன்னது போலவே, நான் அந்த மலையில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே நடந்துவிட்டது.

டோசர் நின்ற இடத்தில், சக்கரங்களுக்குப் பதிலாக அது ஓடும் இரும்புச் செயினுக்குக் கீழே தடித்த மரப்பலகைகள் போட்டிருந்தார்கள். சேற்றில் நிறுத்தினால் இரவில் சேறு உறைந்து செயினைப் பிடித்துக்கொள்ளும். காலையில் முரட்டுத்தனமாக இழுத்தால் ஏதாவது ஒன்று முறியும். முந்தின நாள் மாலையே ரோலர்களுக்கு நடுவில் அடைந்த சேற்றையும் பனியையும் கடப்பாரையால் குத்தி எடுத்துவிட்டார்கள். பிளேடைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் பளபளப்பான தண்டுகளைத் துணியால் துடைத்திருந்தார்கள். அதில் ஒட்டிய நீர் உறைந்தால், முதல்முறை லீவரை இழுக்கும்போதே சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கும். டீசல் தொட்டியையும் மாலையிலேயே நிரப்பிவிட வேண்டும். பாதித் தொட்டி வெறுமையாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிரில் நீராக மாறி அடியில் தங்கும். ஆக, காலையில் பாதுகாப்பாகத் தொடங்க வேண்டிய வேலை முந்தின மாலையிலேயே தொடங்கிவிடுகிறது.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் கையில் டார்ச்சோடு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் குனிந்து அடியில் பார்த்தார். எஞ்சின் சூட்டுக்காக மலை நாய்கள் இரவில் அங்கே வந்து படுத்துக்கொள்ளுமாம். சில சமயம் குளிர் தாங்காத கூலியாட்களும். "ஒரு தடவ ஒரு பையன் போர்வைய போத்திகினு படுத்திருந்தான் சார். அன்னிலேருந்து அடியில பாக்காம நான் ஏறினதே கிடையாது." அடுத்து பனித்தரையில் எண்ணெய்ச் சொட்டு உண்டா என்று பார்த்தார். மண்ணில் விழுந்தால் தெரியாத ஒழுகல் வெள்ளைப் பனியில் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் பனி நல்லது என்றார்.

பிறகு இடது செயினிலிருந்து ஆரம்பித்து முழுச் சுற்று. செயின் ஷூவின் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டார். தளர்ந்த போல்ட்டைச் சுற்றித் துருவின் செம்பொடி தெரியும். முன்பக்க ஐட்லர் சக்கரத்துக்கும் செயினைத் தாங்கும் மேல் ரோலருக்கும் நடுவில் செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்த்தார். பனியில் வேலை செய்யும்போது தொய்வு கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பனி உள்ளே புகுந்து இறுகும்போது செயின் தானாகவே விறைத்துக்கொள்ளும். முன்பே இறுக்கி வைத்திருந்தால் அறுந்துவிடும். இறுக்குவதும் தளர்த்துவதும் கிரீஸ் அழுத்தத்தால்தான். கிரீஸ் கன்னால் அடைத்தால் இறுகும், ஒரு வால்வைத் திருகினால் தளரும். அந்த வால்வுக்கு நேரே முகத்தையோ உடம்பையோ வைக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு மேல் திருகவும் கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸின் அழுத்தம் வால்வையே தோட்டாவைப் போல எறிந்துவிடும். ஹெல்பர் குனிந்து பக்கவாட்டில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டித் திருகினார். யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்த உட்கார்தல் அது.

ஹைட்ராலிக் ஹோஸ்களைப் பார்த்தபோதும் அப்படித்தான். ஓர் அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக மெல்ல நகர்த்தினார்கள். வெறும் கையால் தடவினால் என்ன என்று கேட்டேன். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் குண்டூசி முனை அளவு ஓட்டையில் பீய்ச்சினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் காயம். சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். அந்த முகாமிலிருந்து அறுவைசிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதை வந்த வழியெல்லாம் பார்த்திருந்ததால், அந்த அட்டைத் துண்டின் மீது எனக்கு மரியாதை வந்தது.

டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தங்கிய நீரை வடித்தார்கள். என்ஜின் ஆயில், கூலண்ட், ஹைட்ராலிக் ஆயில், எல்லாவற்றுக்கும் அளவு பார்த்தாயிற்று. பிளேடின் வெட்டு விளிம்பும் ஓர முனைகளும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, பின்னால் தரையைக் கிளறும் ரிப்பரைப் பூட்டும் ஆணி அதன் இடத்தில் இருக்கிறதா, கண்ணாடியில் பனி இல்லையா, ஏறும் படியில் பனி இல்லையா. படியில் பனி இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஏறினார். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை. எப்போதும் மூன்று இடத்தில் பிடிப்பு இருக்க வேண்டும், முகம் வண்டியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். டோசர் விபத்து என்றால் கவிழ்வதும் உருள்வதும்தான் நம் மனதில் வருகிறது. ஏறி இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு உடைத்துக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

பேட்டரியை இரவில் கழற்றி அறைக்குள் வைத்திருந்தார்கள். இப்போது மாட்டினார்கள். ஹாரனை ஒரு முறை அடித்தார், நான்கு பக்கமும் பார்த்தார், அப்புறம்தான் சாவியைத் திருப்பினார். இருமி, புகை கக்கி, எஞ்சின் பிடித்தது. உடனே கிளம்பவில்லை. குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிளேடை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கி, சாய்த்து நிமிர்த்தி, உறைந்த எண்ணெயைச் சூடாக்கினார். கெட்டியான எண்ணெயோடு லீவர் சொன்னதைக் கேட்காத வண்டியை விளிம்புக்கு ஓட்டிப்போவது தற்கொலை. கடுங்குளிரில் சாதாரண டீசலே மெழுகுபோல் கட்டிக்கொள்ளும். லடாக்கின் குளிருக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காலத்தில் மண்ணெண்ணெய் கலந்தும், தொட்டிக்கு அடியில் நெருப்பு காட்டியும் ஓட்டிய கதைகளை மூத்தவர்கள் சொல்கிறார்கள். நெருப்பு காட்டிய கதையைச் சொல்லும்போது அவர்களுக்கே குரல் தாழ்கிறது.

வண்டியின் பக்கவாட்டில் பி.இ.எம்.எல். என்று எழுதியிருந்தது. 1964-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தொடங்கிய நிறுவனம். அதன் புல்டோசர்கள் கோலார் தங்கவயலில் உருவாகின்றன. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய ஊர். 2001-இல் சுரங்கம் மூடியது, டோசர் தொழிற்சாலை நிற்கவில்லை. ஆரணிக்காரருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. "நம்ம பக்கத்து வண்டி சார்" என்று பிளேடைத் தட்டினார்.

வெயில் சரிவில் விழுவதற்கு முன்பு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெட்டிவிட வேண்டும். வெயில் ஏற ஏற மேலே கிடக்கும் பனி இளகும், சரியும். அதனால் மேலே உள்ள சரிவைப் பார்த்தபடி விசிலோடு ஒருவர் நிற்கிறார். அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. மண்வெட்டியைக் கூட அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வேலை செய்யத் தோன்றும், வேலை செய்தால் கண் கீழே போகும்.

பனிக்கு அடியில் சாலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த பிரச்சினை. ஜி.பி.எஸ். இருக்கிறது, ஓரக் கம்பங்கள் சில இடங்களில் தலைநீட்டுகின்றன, பல வருடம் அங்கேயே வேலை பார்த்தவர்களின் நினைவு இருக்கிறது. இருந்தாலும் நீளமான இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னேறுகிறார்கள். பள்ளத்தாக்குப் பக்கம் பனி விளிம்புக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்குத் தரை, அடியில் ஒன்றும் இருக்காது. இருபது டன்னைத் தாண்டும் டோசர் அதன் மேல் ஏறினால் அவ்வளவுதான்.

டோசர் பனியின் மேலேறி அடுக்கடுக்காகச் சீவி, மலைப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்குப் பக்கமாகத் தள்ளுகிறது. இங்கேதான் அந்த ஆப்பரேட்டரின் கைத்திறனை முழுதாகப் பார்த்தேன். பிளேடில் திரண்ட பனியை அவர் ஒருபோதும் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை. விளிம்புக்குச் சில அடிகள் முன்பே நிறுத்தினார். பனி அங்கேயே குவியலாக நின்றது. பின்னால் வந்து அடுத்த சுமையைத் திரட்டி, அந்தச் சுமையால் முதல் குவியலைத் தள்ளிவிட்டார். வண்டிக்கும் பாதாளத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு சுமை பனி கிடந்தது. மண் தள்ளும் இடத்திலும் இதே முறைதான். அந்தக் குவியல் வண்டிக்குத் தடுப்புச் சுவராகவும் இருக்கிறது, விளிம்பு எங்கே என்று சொல்லும் அடையாளமாகவும் இருக்கிறது. இதற்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகும். அந்த நேரத்தை மிச்சம்பிடிக்கச் சொல்லும் மேற்பார்வையாளர் மலையில் இருக்கவே கூடாது.

இறக்கத்தில் ஸ்டியரிங் பற்றி அவர் சொன்னது என் நெஞ்சில் பதிந்துவிட்டது. பழைய வகை டோசர்களில் திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது, இரண்டு லீவர்கள்தான். இடது லீவரைப் பாதி இழுத்தால் இடது செயினுக்குப் போகும் எஞ்சின் சக்தி துண்டிக்கப்படும். அது மெதுவாகும், வலது செயின் தள்ளும், வண்டி இடதுபுறம் திரும்பும். சமதரையில் இப்படி. ஆனால் செங்குத்தான இறக்கத்தில் வண்டியைக் கீழே இழுப்பது அதன் எடை. எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்தும் வேலையைத்தான் செய்கிறது. அங்கே இடது லீவரைப் பாதி இழுத்தால் இடது செயினைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போகும். அது தறிகெட்டு வேகமாக உருளும். வண்டி வலதுபுறம் திரும்பிவிடும்! எந்தப் பக்கம் போக வேண்டாம் என்று இழுத்தாரோ அந்தப் பக்கமே போகும். பயந்துபோய் இன்னும் கொஞ்சம் இழுக்க, இன்னும் கொஞ்சம் திரும்பும். இறக்கத்தில் லீவரை முழுதாக இழுத்து அந்தப் பக்கச் செயினில் பிரேக்கும் பிடிக்க வேண்டும், அல்லது திருப்பாமலே நேராக இறங்க வேண்டும்.

"எத்தினி வருசம் சமதரையில ஓட்டியிருந்தாலும் சரி சார், அந்த நேரத்துல கை பழைய பழக்கத்துக்குத்தான் போவும். வேற ஒரு மலையில என்கூட இருந்த ஆளு அப்படித்தான் போனாரு."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உருண்டுபோகும் ஆபத்து டோசரோடு கூடவே பிறந்தது. டிராக்டருக்கு முன்னால் பிளேடு மாட்டும் யோசனை அமெரிக்காவின் கான்சாஸில் 1923-இல் இருவருக்கு வந்தது. 1925-இல் காப்புரிமை பெற்றார்கள். அந்த நாளைய வண்டிகளில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. உருண்டால் ஓட்டுபவர் குதித்துத் தப்ப வேண்டும், பெரும்பாலும் தப்பியதில்லை. உருண்டாலும் நசுங்காத இரும்புச் சட்டகத்தை இருக்கையைச் சுற்றி அமைப்பது வெகுகாலம் கழித்துத்தான் வழக்கமானது. அந்தச் சட்டகம் உள்ள வண்டியில் உயிர் பிழைக்க ஒரே வழி, பெல்ட் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பது. குதித்தால் அந்தச் சட்டகமே மேலே விழும். இது தெரிந்தும் பெல்ட்டை இருக்கைக்குப் பின்னால் சொருகி வைக்கிற ஆப்பரேட்டர்களை நான் சமவெளியில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆரணிக்காரரின் பெல்ட் கிளிப் தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

அவரைவிட எனக்கு அதிகம் கவலை தந்தவர்கள் கீழே நடமாடியவர்கள். தும்கா பக்கத்திலிருந்து பல பத்தாண்டுகளாகக் கூலிக்கு வந்து லடாக்கின் சாலைகளைப் போட்டவர்கள் அவர்கள். கையில் மண்வெட்டி, காதை மூடிய கம்பளி. எஞ்சின் இரைச்சல் அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஆபத்தே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. நான் அனுமதி கேட்டு, அணைத்து வைத்திருந்த வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். ஹெல்பரைப் பிளேடுக்கு முன்னால் குந்தச் சொன்னார்கள். தெரியவில்லை. பின்னால் ரிப்பருக்கு அருகில் குந்தினார். தெரியவில்லை. பக்கவாட்டில் செயினை ஒட்டி நின்றபோதும் தலையின் கம்பளித் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. தள்ளிவிட்டுப் பின்னால் வருவது, மறுபடி தள்ளுவது என்று டோசர் தன் நாளில் பாதியைப் பின்னோக்கித்தான் கழிக்கிறது. ஆட்கள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான்.

அதனால் அந்த முகாமில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்கள். சைகை காட்டுவது ஒரே ஆள். வேறு யார் 'வா' என்றாலும் ஆப்பரேட்டர் அசைய மாட்டார். 'நில்' என்று மட்டும் யார் காட்டினாலும் நிற்பார். சைகைக்காரர் கண்ணில் படாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வண்டிக்கு அருகில் வர வேண்டியவர் தூரத்தில் நின்று கை உயர்த்துவார். ஆப்பரேட்டர் பிளேடைத் தரையில் இறக்கி, லாக் லீவரைப் போட்டு, கையை வெளியே காட்டிய பிறகுதான் நெருங்குவார். ஒரு தடவை தேநீர் கொண்டுவந்த பையன் நேராக நடந்து வந்துவிட்டான். வேலை மொத்தமும் நின்றது. யாரும் திட்டவில்லை. உஸ்தாத் இறங்கி வந்து, அவனைத் தன் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்து, தன் தம்ளரோடு பிளேடுக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டு, "நான் தெரியறனா?" என்று இந்தியில் கத்தினார். பையனின் முகம் மாறியது. எத்தனை பாதுகாப்பு வாரம் கொண்டாடினாலும் இப்படிப் புரியவைக்க முடியாது.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1996-இல் வந்தது. அதன் கீழ் 1998-இல் வந்த மத்திய விதிகளில் புல்டோசருக்கென்றே சில வரிகள் உண்டு. வண்டியை விட்டு இறங்கும் முன் பிரேக் போட்டு, பிளேடையும் ரிப்பரையும் தரையில் இறக்கி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். வேலை முடிந்தால் சமதரையில் நிறுத்த வேண்டும். மேடேறும்போது பிளேடு தாழ்ந்திருக்க வேண்டும். அவசரம் தவிர பிளேடையே பிரேக்காகப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். நம் ஊர் மனைப்பிரிவுகளில் மண் நிரவும் வண்டியைப் பிளேடு தூக்கிய நிலையிலேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். பிள்ளைகள் அதன் அடியில் விளையாடுகிறார்கள். ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்தால் அந்த பிளேடு பிள்ளைகள் மேல் இறங்க ஒரு நொடி போதும். பதினாறாயிரம் அடி உயரத்தில், மூச்சுவாங்கும் காற்றில், விரல் மரத்த குளிரில் கடைப்பிடிக்க முடிகிற ஒன்றைச் சமவெளியில் கடைப்பிடிக்க முடியாது என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

உயரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு சோர்வது தெரியும். புத்தி மந்தமாவது தெரியாது. அதனால்தான் ஆப்பரேட்டர்கள் முறைவைத்து மாறுகிறார்கள். இறங்கி வருபவரிடம் அடுத்தவர் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. எங்கே மிருதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, பிரேக் எப்படி. ஆனால் பதிலைவிடப் பதில் வரும் வேகத்தைத்தான் கவனிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

கணவாயின் இந்தப் பக்க வேலை முடிந்ததும் டோசரைத் தார்ச்சாவுக்கு இறக்க உத்தரவு வந்தது. அங்கிருந்து பிரியும் சாலைதான் ஷிங்கு லா வழியாக ஜான்ஸ்கர் போகிறது. ஷிங்கு லா கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை வேலை 2024 ஜூலையில் தொடங்கியது. டோசரை டிரெய்லரில் ஏற்றுவதைப் பார்க்க என்னைத் தூரமாக நிற்கச் சொன்னார்கள். இரும்புச் செயின், இரும்புச் சரிவுத்தளம், நடுவில் பனி. ஹெல்பர் இரண்டு சரிவுகளையும் சுரண்டி மணல் தூவினார். டிரெய்லர் சமதரையில் நிற்கிறதா என்று பார்த்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். உஸ்தாத் தூரத்திலேயே வண்டியை நேராக்கிக்கொண்டு, முதல் கியரில், பிளேடைத் தாழ்த்திவைத்து ஏறத் தொடங்கினார். பாதியில் இடது செயின் ஓரத்துக்கு நகர்ந்தது. சைகைக்காரர் இரண்டு கையையும் உயர்த்தினார். சரிவின் மேல் வைத்துத் திருப்பவே கூடாது. நேராகப் பின்னால் இறக்கி, மறுபடி நேராக்கி, மறுபடி ஏறினார். உச்சியில் முன்பாதி காற்றில் தூக்கி நின்ற கணத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைத்து, எடை தானாக முன்னால் சாயும்வரை காத்திருந்தார். சாய்ந்தது. பிளேடு இறங்கியது, நான்கு மூலையிலும் சங்கிலி பூட்டினார்கள், ஒவ்வொன்றையும் அவரே இழுத்துப் பார்த்தார்.

"நீங்க மேல போங்க சார். சூரஜ் தால் ஏரியைத் தாண்டினதும் வளைவுல இன்னொரு வண்டி வேல செய்யும். ஹாரன் அடிச்சிட்டுப் போவாதீங்க, தூரமாவே நிறுத்துங்க. அவரு கை காட்டினப்புறம் போங்க."

டிரெய்லர் கீழே இறங்கியது. எங்கள் டிரைவரிடம் அவர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சூரஜ் தாலுக்கு அப்பால் அந்த வளைவில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.